கிணற்றை எண்ணியாயிற்று, தோட்டத்தை எப்படி அளப்பது?

கேள்வி: இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பகுதியில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் 2021 தொடக்கத்தில் 32 குடும்பங்களுக்குத் தோட்டக் கிணறும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீர்ப்பம்பியும் கொடுத்தது. நிதி தந்த நிறுவனம் இப்போது விளைவு பற்றி அறிக்கை கேட்கிறது. ஆரம்பத் தரவு எதுவும் எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: 32 கிணறு என்பது நீங்கள் செய்த வேலை. பெயர்ப்பலகையோடு எடுத்த படங்களும் அதைத்தான் காட்டும் (வன்னியில் பலகைக்குப் பஞ்சமில்லை). அந்தத் தண்ணீரால் வீட்டில் என்ன மாறியது என்பதையே நிறுவனம் கேட்கிறது.

ஆரம்பத் தரவை ஓரளவு மீட்கலாம். "அப்போது வருமானம் எவ்வளவு?" என்றால் வாய்க்கு வந்த எண்தான் கிடைக்கும். "கொரோனா ஊரடங்குக்கு முந்திய சிறுபோகத்தில் மேட்டுக்காணியில் என்ன நட்டீர்கள், யாருக்கு விற்றீர்கள்?" என்று கேளுங்கள். சொன்னதைச் சங்கத்தின் கடன் புத்தகத்தோடும், காட்டச் சம்மதித்தால் அடகுச் சீட்டோடும் ஒத்துப்பாருங்கள். நகை எந்த மாதம் மீண்டது என்பது வருமானக் கணக்கைவிட நம்பத்தக்க சாட்சி.

மாரியில் போகாதீர்கள். அப்போது எல்லாக் கிணற்றிலும் தண்ணீர், எல்லா வளவிலும் பச்சை. ஆகஸ்டில் போய், பம்பி கடைசியாக எப்போது இயங்கியது என்று பாருங்கள்.

கிணறு கிடைக்காத, ஏறத்தாழ அதேயளவு காணியுள்ள பத்துப் பன்னிரண்டு குடும்பங்களையும் கட்டாயம் சந்தியுங்கள். 2021இல் இரசாயன உரத் தடை வந்தது; 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. ஒப்பிட ஆளில்லாவிட்டால் இந்தப் பழியெல்லாம் உங்கள் திட்டத்தின் தலையில் விழும். அவர்கள் பெரிதாகச் சரிந்து, உங்கள் பயனாளிகள் குறைவாகச் சரிந்திருந்தால் அதுவும் விளைவே.

பம்பி கொடுத்தவரே போய்க் கேட்டால் நன்றிதான் கிடைக்கும். பக்கத்து ஊர்ச் சங்கத்தாரை அனுப்புங்கள். அவர்களுடைய திட்டத்தை நீங்கள் பார்த்துக் கொடுங்கள். வீடுகள் 32தான் என்பதால் மாதிரி எடுப்பு தேவையில்லை, எல்லா வீட்டுக்கும் போகலாம். சதவீதமும் வேண்டாம், எத்தனை பேர் என்றே எழுதுங்கள்.

பம்பியை விற்றவர்களை அறிக்கையில் மறைக்காதீர்கள். எண்ணெய் விலையா, கிணறு வற்றியதா, பிள்ளையின் படிப்புச் செலவா என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த முறை சூரியசக்திப் பம்பி கேட்பதானால் அறிக்கையின் அந்தப் பகுதிதான் உங்களுக்கு ஆதாரம்.