வயிறு எரிந்தால் எண்டோஸ்கோப்பி எடுத்தே ஆகவேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு வயிறு, குடல் நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்கு 38 வயது. ஆறு மாதமாக மேல் வயிற்றில் எரிச்சலும், சாப்பிட்டவுடன் வயிறு உப்பிக்கொள்ளும் தொல்லையும் இருக்கின்றன. பாலக்காட்டில் எண்டோஸ்கோப்பி செய்து, 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைடிஸ், லாக்ஸ் எல்.இ.எஸ்.' என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்தில் முழுக் குணம் கிடைக்காததால் கோயம்புத்தூருக்குப் போனோம். அங்கேயும் குழாய் விட்டுப் பார்த்து அதையே எழுதினார்கள். இது புற்றுநோயாக மாறுமா? இரண்டு முறை செய்தது அவசியம்தானா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, அந்த இரண்டு வரிகளைக் கண்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆன்ட்ரம் என்பது இரைப்பையின் கீழ்ப்பகுதி. அங்கே உள்தோல் சற்றுச் சிவந்திருந்தால் 'கேஸ்ட்ரைடிஸ்', அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதுவது வழக்கம். ஆனால் சிவந்து தெரிந்த இடத்தைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரங்களில் அழற்சியே இருப்பதில்லை. அழற்சி உள்ள பலருக்கோ எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம்தான் எல்.இ.எஸ்.; அது தளர்வாகத் தோன்றுவதைத்தான் 'லாக்ஸ்' என்கிறார்கள். காற்றை ஊதி இரைப்பையை விரித்த நிலையில், பார்ப்பவரின் கணிப்பில் எழுதப்படும் சொல் அது. நம் பக்கத்து ரிப்போர்ட்டுகளில் இவ்விரண்டும் ஏறக்குறைய வாடிக்கையாகவே இடம்பெறுகின்றன என்பது என் கருத்து. உணவுக்குழாயில் புண், இரைப்பையில் அல்சர், கட்டி ஆகியவை உண்டா இல்லையா என்பதுதான் அந்தத் தாளில் முதலில் பார்க்கவேண்டியது.

அஜீரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களைப் பல நாடுகளின் ஆய்வுகளில் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தொல்லையை விளக்கும் அளவுக்கு எதுவும் தென்படுவதில்லை; புற்றுநோய் தென்படுவது நூறில் ஒருவருக்கும் குறைவு. அதற்காக உங்கள் கணவரின் எரிச்சல் கற்பனை என்று பொருளல்ல. இரைப்பை சாப்பாட்டுக்குத் தக்கபடி விரிந்து கொடுக்காமல் இருப்பதும், சாதாரண விரிவைக்கூட நரம்புகள் வலியாக உணர்வதும் காமிராவில் தெரியாத கோளாறுகள். அவற்றுக்கு மருந்து இருக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டிய இன்னொரு வரி, அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான சோதனை. இரைப்பையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை ஒரு மஞ்சள் நிறப் பசையில் வைப்பார்கள். கிருமி இருந்தால் பசை இளஞ்சிவப்பாக மாறும். அல்சர் வருவதற்கு மன உளைச்சலையும் காரத்தையுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தாமல் சோதித்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வர வாய்ப்புண்டு. இந்தியாவில் வயது வந்தோரில் மிகப் பலரிடம் இக்கிருமி இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்கு இரைப்பைப் புற்றுநோய் நம்மிடம் இல்லை. ஆகவே சோதனையில் இருப்பதாக வந்தால் பதற்றம் வேண்டாம். மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்குகளைப் பதினான்கு நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும்.

தமிழக–கேரள எல்லைப் பகுதியில் வாழும் நமக்கென்றே ஒரு குறிப்பு உண்டு. வலி முதுகுக்கு ஊடுருவி, குனிந்து உட்கார்ந்தால் தணிகிறது என்றாலோ, இந்த வயதிலேயே சர்க்கரை நோய் வந்திருந்தாலோ, கணையத்தை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கணையத்தில் கல் உருவாகும் நாள்பட்ட அழற்சியை, கேரள நோயாளிகளிடம் விரிவாக ஆராய்ந்து 1960களில் எழுதியவர் டாக்டர் கீவர்கீஸ். எண்டோஸ்கோப்பி எத்தனை முறை செய்தாலும் அந்தக் கற்கள் தெரியாது.

இரண்டாவது முறை அவசியமா என்றால், நீங்கள் எழுதியுள்ளதை வைத்துப் பார்க்கையில் இல்லை என்றே சொல்வேன். வாளையாறு எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் போகும்போது பழைய ரிப்போர்ட், படங்கள், திசுப் பரிசோதனை முடிவு மூன்றையும் கையில் கொண்டுபோய், இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: என் தாயாருக்கு 62 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போய் வருகிறார். மூட்டுவலிக்காக நாள்தோறும் கடை மாத்திரை போடுகிறார். இப்போது மூச்சு வாங்குகிறது. ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கிறதாம். மலம் கறுப்பாகப் போகிறது என்கிறார். குழாய் என்றாலே பயப்படுகிறார். சத்து டானிக் போதுமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: போதாது, தம்பி. எரிச்சல், உப்புசம் மட்டும் உள்ள இளவயதினருக்கு எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாம். ஆனால் ஐம்பதைக் கடந்த பின் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை, விழுங்கும்போது அடைத்தல், காரணமின்றி எடை குறைதல், ஓயாத வாந்தி, ரத்தசோகை, கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் தாயாரிடம் இரண்டு இருக்கின்றன. வலி மாத்திரை, இரைப்பைச் சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. முதியவர்களில் இதனால் வரும் அல்சர் வலியே இல்லாமல் இருந்து ரத்தக்கசிவில்தான் வெளிப்படும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும் என்றாலும், ரத்தம் கலந்த மலம் தார்போல் ஒட்டும். அதன் நாற்றமும் தனி. அப்படி இருந்தால், அல்லது மயக்கம் வந்தால், அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மாவிடம் நடப்பதை நடப்பதுபோலவே சொல்லிவிடுங்கள். பயம் பாதி குறையும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். தொண்டையில் கசப்பான மரப்பு மருந்தைத் தெளிப்பார்கள்; சற்று நேரத்துக்கு எச்சில் விழுங்குவதே தெரியாததுபோல் இருக்கும். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். குழாய் சுண்டுவிரல் பருமன்தான். மூச்சுக்குழாய் வழியாகப் போவதில்லை என்பதால் மூச்சு அடைக்காது. குமட்டல் வரும், மூக்கால் மெதுவாக மூச்சுவிட்டால் தணியும். வெறுமனே பார்ப்பதற்கு ஐந்து முதல் பத்து நிமிடமே ஆகும். தூக்க ஊசி போடுவதானால் துணைக்கு ஆள் வேண்டும். மறுநாள் வரை தோட்ட வேலை வேண்டாம்.

ரத்தம் கசியும் அல்சர் தெரிந்தால், அதே குழாய் வழியாகவே ஊசி போட்டோ, கிளிப் வைத்தோ நிறுத்திவிட முடியும். இரைப்பையில் அல்சர் இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பதோடு, சுமார் எட்டு வாரம் கழித்து ஆறிவிட்டதா என்று மீண்டும் பார்ப்பது நல்லது, ஏனெனில் புற்றுநோயும் அல்சர் வடிவில் வரும். முன்சிறுகுடல் அல்சருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. மேலே ஒன்றும் இல்லையென்றால் பெருங்குடலையும் பார்த்தாக வேண்டும். வலப்பக்கப் பெருங்குடல் கட்டி வெளியே தெரியாமல் கசிந்து ரத்தத்தைக் குறைக்கும்.

கேள்வி: தென்கொரியாவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே நாற்பது வயதானவர்களுக்கு எந்த நோயும் இல்லாமலேயே எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள் என்கிறான். நாமும் செய்துகொள்ள வேண்டாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: அங்கே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். அதனால்தான் நாற்பது வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசே பரிசோதிக்கிறது. ஜப்பானிலும் 2016 முதல் ஐம்பது வயதானவர்களுக்கு எண்டோஸ்கோப்பி பரிந்துரைக்கப்படுகிறது. மேற்கு நாடுகளில் அமிலம் மேலேறி உணவுக்குழாயின் உள்தோலையே மாற்றிவிடுவதைத்தான் அதிகம் தேடுகிறார்கள். இந்தியாவில் மிசோரம் போன்ற சில பகுதிகளைத் தவிர இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே தொல்லையற்ற எல்லோருக்கும் குழாய் விடுவதில் பயனைவிடச் செலவே மிகும்.

நம்மிடையே நான் கவலைப்படுவது வேறு. புகையிலையோடு வெற்றிலை போடுபவருக்கும், பீடியும் மதுவும் சேர்ந்த பழக்கம் உள்ளவருக்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களால் புற்றுநோய் வர வாய்ப்புள்ளதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. மதுவால் கல்லீரல் சுருங்கியவர்களில் பலருக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும். அவை வெடித்து ரத்தவாந்தி எடுக்கும் முன்பே கண்டுபிடித்து வளையம் போட்டுக் கட்டிவிடலாம். கல்லீரல் சுருக்கம் என்று சொல்லப்பட்டவர், தொல்லை இல்லாவிட்டாலும், எண்டோஸ்கோப்பி தமக்குத் தேவையா என்று தம் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: வயது 48. மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று களிம்பு தந்தார்கள். கொலோனாஸ்கோப்பி வேண்டுமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டும். மூலம் இருப்பதாலேயே அதற்கு மேலே கட்டி இல்லை என்றாகிவிடாது. இளைஞர்களுக்கு ஆசனவாயைச் சோதித்துப் பார்ப்பது பல நேரம் போதும்; உங்கள் வயதில், அதுவும் மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருந்தால் அல்லது எடை குறைந்திருந்தால், பெருங்குடல் முழுவதையும் பார்ப்பதே சரி. நம் நாட்டில் அங்கே தென்படும் அல்சர் காசநோயாகவும் இருக்கலாம் என்பதால், திசு எடுத்துப் பார்க்காமல் மருந்து தொடங்கிவிட வேண்டாம். முந்தைய நாள் பேதி மருந்தை முழுமையாகக் குடியுங்கள். பாதியில் விட்டால் குடல் சுத்தமாகாது, மறுபடியும் வரச் சொல்வார்கள்.