இலையுதிர் காலத்தில் நயாகரா ஆற்றில் சமன் (சால்மன்) மீன் பிடிக்கப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ரொறன்ரோவுக்கு வந்தபின் இது உங்களுக்கு முதல் இலையுதிர் காலம், ஊரில் குளத்தில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு, அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மீனைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் கைகொடுக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை கைகொடுக்காது. குளத்துத் தண்ணீர் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த ஆறு அப்படியில்லை. அதனால் மீனுக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

ஈரி ஏரியிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகும் இந்த ஆற்றின் நீளம் வெறும் 58 கிலோமீற்றர்தான். ஆனால் மேலேயுள்ள நான்கு பேரேரிகளின் தண்ணீரும் இதற்குள்ளால்தான் வரவேண்டும். சமன் ஒன்ராறியோ ஏரியிலிருந்து மேலேறி வரும். நீர்வீழ்ச்சியைத் தாண்ட அதற்கு வழியில்லை. ஆகவே தூண்டில்காரர்கள் போவது நீர்வீழ்ச்சிக்குக் கீழே. கனடாக் கரையிலுள்ள குவீன்ஸ்ரன் என்ற ஊர் வரை பாறைச் சுவர்களுக்கு நடுவே சுமார் 11 கிலோமீற்றர் பள்ளத்தாக்கு, அதற்குப் பிறகு ஏரி வரை அகன்ற ஆறு. கரையில் நின்று பிடிப்பவர்கள் பெரும்பாலும் நயாகரா கிளென் படிகளால் இறங்கிப் பள்ளத்தாக்குக்கோ, ஆறு வளைந்து பெரிய சுழலாகச் சுற்றும் பெருஞ்சுழிக்கோ போவார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது மழையல்ல, மின்நிலையங்கள். கனடாவும் அமெரிக்காவும் 1950இல் செய்த ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பகல் நேரங்களில் செக்கனுக்குக் குறைந்தது 2,832 கனமீற்றர் தண்ணீர் அருவியில் விழவேண்டும். இரவில் அதில் பாதி போதும். நவம்பர் தொடங்கி மார்ச் முடிய முழு நாளும் பாதி போதும். மிச்சத்தை அருவிக்கு மேலேயே திருப்பி எடுத்து, கனடாப் பக்கம் சேர் அடம் பெக் நிலையங்களுக்கும் அமெரிக்கப் பக்கம் றொபேட் மோசஸ் நிலையத்துக்கும் அனுப்பி, குவீன்ஸ்ரன் அருகே மீண்டும் ஆற்றில் விடுகிறார்கள்.

இதை வாசித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். செப்ரெம்பர், ஒக்ரோபரில் விடியமுன் இறங்கினால் பாறைகள் வெளியே தெரியும். நிற்க நல்ல இடம் கிடைக்கும். காலை எட்டு மணியை ஒட்டி அருவிக்கு முழுத் தண்ணீர் விடப்பட்ட பிறகு, நீங்கள் நடந்துபோன அதே கற்கள் தண்ணீருக்குள் போய்விடும். சத்தமோ எச்சரிக்கையோ இருக்காது. பெருஞ்சுழி சுழலும் திசைகூட இதனால் மாறும்: தண்ணீர் நிறைந்து வரும்போது கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும், திருப்பி எடுக்கும் நேரத்தில் கடிகாரத் திசைக்கு மாறிவிடும். மிதப்பு எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தே தண்ணீர் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்கும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். திரும்பி ஏறும் வழியை ஒருபோதும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விட்டுவிடாதீர்கள். அடியில் இரும்பு ஆணி வைத்த சப்பாத்தும் மிதவை அங்கியும் இல்லாமல் பாறையில் இறங்கவேண்டாம் என்று ஒரு மூத்த சகோதரன் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகவும் போகவேண்டாம்.

இனி மீன். இங்கே இலையுதிர் காலத்துச் சமன் என்றால் சினூக் என்ற வகை. இது இந்த ஏரிக்குச் சொந்த மீன் அல்ல. ஒன்ராறியோ ஏரியின் சொந்தச் சமனான அத்லாந்திக் சமன், மரம் வெட்டியதாலும் ஆலைகளுக்கு அணை கட்டியதாலும் அளவில்லாமல் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அற்றுப்போனது. பிறகு கடலிலிருந்து வந்த ஏல்வைஃப் என்ற சிறு மீன் ஏரி முழுக்கப் பெருகிச் செத்துக் கரையொதுங்கியது. அதைத் தின்று குறைக்கவும் தூண்டில்காரருக்கு மீன் கிடைக்கவும் 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் கடற்கரைச் சமன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வம்சம்தான் இன்று உங்கள் தூண்டிலில் வரும் பத்துக் கிலோ மீன்.

மூன்று நான்கு வருடம் ஏரியில் தின்று வளர்ந்து, செப்ரெம்பரில் ஆற்று வாய்க்கு வந்து, ஒக்ரோபரில் சினை இட்டு, அதோடு செத்துவிடும். ஆற்றுக்குள் வந்தபின் அது இரை தின்பதே இல்லை. அப்படியானால் ஏன் கொத்துகிறது? எரிச்சலிலும் பழைய பழக்கத்திலும். அதனால் அதற்குப் பசி வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. அதன் முகத்துக்கு நேரே இரை போகவேண்டும். மீன் கிடப்பது அடியில். வலைத்துணியில் சிறு பொட்டலமாகக் கட்டிய சமன் சினை நல்ல இரை. விடியமுன் இருட்டில் ஒளிரும் பூச்சுப் பூசிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) நன்றாக வேலை செய்யும். ஈயக்குண்டை முள்ளுத் தங்கூசியில் (முள் கட்டிய தூண்டில் நரம்பில்) போடாமல், மூன்று வழி வளையத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய தங்கூசியில் தனியாகக் கட்டுங்கள். பாறையில் சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்துபோகும், முள் தப்பும். முதன்மைத் தங்கூசி தாங்கும் பாரம் 20 இறாத்தலுக்குக் குறையவேண்டாம்.

வெளிச்சம் நன்றாக வந்தபின் சமன் கொத்துவது குறைந்துவிடும். காற்றையும் பாருங்கள். ஈரி ஏரி ஆழம் குறைந்தது; தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் அடிச்சேறு கிளம்பி, இரண்டு மூன்று நாளைக்கு ஆறு கலங்கி வரும். அந்த நாட்களில் வீட்டில் இருப்பது நல்லது. நவம்பருக்குப் பிறகு ஸ்ரீல்ஹெட் (ஏரியில் வளர்ந்து ஆற்றுக்கு ஏறும் ரெயின்போ ட்ரவுட் மீன்) வரும். குளிர் பொறுக்குமென்றால் எனக்கு அந்த மீன்தான் அதிகம் பிடிக்கும்.

சின்ன ஆறுகளில் இதைவிடச் சுலபமாகச் சமன் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணுக்கால் தண்ணீரில் சினை இட்டுக்கொண்டிருக்கும் மீனின் முதுகில் முள்ளைக் கொழுவி இழுப்பது தூண்டில் பிடிப்பு அல்ல, சட்டப்படியும் குற்றம். வாயில் அல்லாமல் வேறிடத்தில் கொழுவிய மீனை உடனே விட்டுவிட வேண்டும். நம்மவர்கள் சிலர் வாளி வாளியாகச் சினை எடுத்துக்கொண்டு மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போவதைப் பார்க்க மனம் நோகிறது. பெரிய ஆற்றுக்குப் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெள்ளி நிறம் மாறாத மீன் நல்ல சதையோடு இருக்கும். கறுத்த மீனின் சதை வெளிறிச் சோர்ந்துவிடும், குழம்பில் கரைந்துபோகும், அதை விட்டுவிடுங்கள். ஒன்ராறியோ அரசு, மீன் உண்பதற்கான வழிகாட்டியை நீர்நிலை வாரியாக, மீனின் நீளம் வாரியாக வெளியிடுகிறது. பெரிய சமனில் பீசீபீ என்ற பழைய தொழிற்சாலை இரசாயனம் கொழுப்பில் சேர்ந்திருக்கும். மீன் எவ்வளவு பெரிதோ, மாதத்தில் உண்ணக்கூடிய தடவை அவ்வளவு குறைவு. சிறுவர்களுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் இன்னும் குறைவு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட்டு, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரிக்கலாம். சினைப் பொரியல் நம் ஊர்ச் சுவைதான், ஆனாலும் இந்த ஏரிச் சமனின் சினையை எங்கள் வீட்டில் சமைப்பதில்லை.

18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் ஒன்ராறியோ அரசின் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் எடுக்கவேண்டும். பிடித்த மீனை விற்கக்கூடாது. ஏரி ஸ்ரேர்ஜன் தற்செயலாகக் கொழுவினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே அவிழ்த்து விடுங்கள், அது பாதுகாக்கப்பட்ட மீன். குவீன்ஸ்ரனில் படகு இறக்கிப் போவதானால் ஆற்றின் நடுவே நாட்டெல்லை ஓடுகிறது. அமெரிக்கப் பக்கம் தூண்டில் போட நியூயோர்க் மாநில உரிமம் தனியாக வேண்டும். முதல் தடவைக்கு அனுபவமுள்ள ஒரு படகோட்டியோடு அரை நாள் போய் வாருங்கள். மீன் எங்கே கிடக்கும் என்பதை ஒரு காலைக்குள் உங்களுக்குக் காட்டிவிடுவார்.