பனிச்சரிவுக் கருவிகள்: எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

லிஃப்ட் இல்லாமல், ஸ்கீயின் அடியில் தோல் ஒட்டி மலை ஏறி, யாரும் தடம் சீர்செய்யாத சரிவில் இறங்குவதுதான் ஸ்கீ டூர். சுவிற்சர்லாந்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இப்போது இதற்குப் போகிறார்கள். கருவி வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கடையில் சொல்லும் பெயர்களையே வைத்துக்கொள்கிறோம்: பனியில் புதைந்தவரைத் தேடும் மின்கருவி எல்விஎஸ், பனியைக் குத்திப் பார்க்கும் மடிப்புக் கம்பி சோண்டே. காற்றுப்பை என்பது, கைப்பிடியை இழுத்தால் விரிந்து ஆளைப் பனியின் மேலே வைத்திருக்க உதவும் பை.

கேள்வி: பல்கலைக்கழக நண்பர்களோடு மகள் முதல் தடவையாக ஸ்கீ டூர் போகப் போகிறாள். எல்விஎஸ், சோண்டே, ஷவல் மூன்றும் சேர்ந்த செட் 400 பிராங் அளவில் இருக்கிறது. காற்றுப்பை வைத்த முதுகுப்பை 1,000 பிராங்குக்கு மேல். எதை முதலில் வாங்கிக் கொடுப்பது? (தூண்)

செட்டைத்தான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வாங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள்: மகளின் பையில் இருக்கும் ஷவல் மகளைக் காப்பாற்றாது. அவள் புதைந்தால் தோழியின் ஷவல்தான் அவளைத் தோண்டும்; தோழி புதைந்தால் மகளுடையது. ஆகவே கூட வரும் ஒவ்வொருவரிடமும் மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்கச் சொல்லுங்கள். நாலு பேரில் ஒருவரிடம் சோண்டே இல்லை என்றால் அது அவருடைய சொந்த விஷயம் இல்லை.

மூன்றும் ஏன் வேண்டும்? முழுதாகப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்று சுவிஸ் கணக்குகள் காட்டுகின்றன. அதன் பிறகு மூச்சுத்திணறலால் அந்த எண்ணிக்கை செங்குத்தாக விழுகிறது. முன்பு இந்த அவகாசம் 18 நிமிடம் என்று சொல்வார்கள். 2024-இல் வெளியான ஆய்வு அதைப் பத்தாகக் குறைத்தது. ஹெலிகாப்டர் வந்து இறங்குவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர்தான் மீட்புப் படை.

அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பகுதியைத் தின்பது தேடல் இல்லை, தோண்டல். பலரும் எல்விஎஸ்ஸுக்குக் கணக்கில்லாமல் செலவழித்துவிட்டு ஷவலில் மிச்சம் பிடிப்பது அதனால்தான் எங்களுக்கு வருத்தம் தருகிறது. சரிந்து வந்து நின்ற பனி, வாசலில் விழும் மெல்லிய பனி போல இருக்காது. நகரும்போது நொறுங்கி, நின்றவுடன் இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்கச் சுமார் ஒரு டன் பனியைத் தள்ள வேண்டும். பிளாஸ்டிக் ஷவல் அதில் வளைந்து வழுக்கும். அலகு அலுமினியமாக இருக்கட்டும். கைப்பிடித் தண்டு நீளக்கூடியதாக, உருளாத நீள்வட்ட வடிவில் இருக்கட்டும். அலகின் மேல்விளிம்பு தட்டையாக இருந்தால்தான் பூட்ஸால் மிதித்து இறக்க முடியும். பெட்டியில் ‘யுஐஏஏ 156’ என்று இருக்கிறதா பாருங்கள். அது பனிச்சரிவு ஷவலுக்கான சர்வதேச மலையேற்றச் சம்மேளனத்தின் தரம். கடையிலேயே தடித்த கையுறை போட்டுக்கொண்டு பூட்டிப் பார்க்கட்டும். கையுறையைக் கழற்றினால்தான் பூட்ட முடிகிறது என்றால் வேறு மாதிரியைக் கேளுங்கள்.

சோண்டே 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கார்பன் கம்பி எடை குறைவு, ஆனால் மெல்லிய கார்பன் இறுகிய பனியில் வளைந்து திசை மாறும். தொடங்குபவருக்கு அலுமினியமே போதும். கடையில் அதை உதறி விரித்து, கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்துப் பூட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் பாவித்த எல்விஎஸ் ஒன்று 80 பிராங்குக்கு வருகிறது. “பதினைந்து வருடம் பழசு, ஆனால் நாலைந்து தடவைதான் பாவித்தது” என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வின்டர்தூர்)

வேண்டாம். கருவி கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அது கெட்டதா நல்லதா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

எல்லா எல்விஎஸ்ஸும், எந்த நிறுவனத்தினதாக இருந்தாலும், 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சமிக்ஞை அனுப்பும், தேடும். அதனால் பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேசும் என்பது உண்மை. ஆனால் பழைய கருவியின் அலைவரிசை காலப்போக்கில் கொஞ்சம் நழுவியிருக்கலாம். இன்றைய கருவிகள் குறுகிய அலைவரிசையில் கூர்மையாகக் கேட்பவை. நழுவிய சமிக்ஞை அவற்றுக்குப் பல மீட்டர் கிட்டே வந்தால்தான் கேட்கும். அணிந்திருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. விளக்கு வழக்கம்போல் மின்னிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஆன்டெனா. மூன்று ஆன்டெனா இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஒன்று, இரண்டு ஆன்டெனா உள்ளவை ஆழத்தில் புதைந்தவரைத் தேடும்போது தவறான இடத்தில் சமிக்ஞையின் உச்சத்தைக் காட்டும். அங்கே குத்துவீர்கள், ஒன்றும் தட்டுப்படாது, நிமிடம் ஓடும். இரண்டு பேர் புதைந்தால் முதல் ஆளைக் கண்டதும் அவருடைய சமிக்ஞையை ஒதுக்கிவைக்கும் குறியிடல் வசதியும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, திரும்பப் பெறல். 2021 ஏப்ரலில் பீப்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்பி ஸ்போர்ட், டிஎஸ்பி ப்ரோ மாதிரிகள் திரும்பப் பெறல் அறிவிப்புக்கு உள்ளாயின. அனுப்பும் நிலையிலிருந்து தானாக விலகக்கூடும் என்பது காரணம். பாவித்த கருவிச் சந்தையில் இப்படிப்பட்டவை திருத்தம் செய்யப்படாமலே கை மாறும். எதை வாங்கினாலும் மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

மூன்று நான்கு வருடப் பழசு, மூன்று ஆன்டெனா, தெரிந்தவர் கொடுக்கிறார் என்றால் சரி, சோதித்து வாங்குங்கள். மின்கலப் பெட்டியைத் திறந்து உலோகத் தொடுமுனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது, அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு அதை அனுப்பும் நிலையில் புல்வெளியில் வைத்து, நல்ல கருவி ஒன்றோடு 60 மீட்டர் தள்ளிப் போய் நடந்து வாருங்கள். எத்தனை மீட்டரில் பிடிக்கிறது? கருவியைக் கிடையாக, பக்கவாட்டில், நிமிர்த்தி என்று மூன்று விதமாக வைத்து மூன்று தடவை செய்யுங்கள். ஒரு நிலையில் மட்டும் தூரம் பாதியாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அதையே தேடும் கருவியாக வைத்தும் ஒரு தடவை நடக்க வேண்டும். கீழே விழுந்த கருவியில் உள்ளே ஆன்டெனா உடைந்திருக்கலாம். வெளியே ஒரு கீறலும் இருக்காது.

கேள்வி: காசு மிச்சம் என்று ரீசார்ஜ் மின்கலம் போடலாமா?

கையேடு அனுமதித்தால் மட்டும். பெரும்பாலான எல்விஎஸ்ஸுக்கு ஏஏஏ அல்கலைன்தான். அது மெதுவாக வடியும். அதனால் கருவி காட்டும் சதவீதம் நம்பத்தக்கது. ரீசார்ஜ் வகை கடைசிவரை நிறைந்தது போலக் காட்டிவிட்டுச் சட்டென்று விழும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் டூர் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கோடையில் உள்ளேயே கசிந்துபோன மின்கலத்தால்தான் பல நல்ல கருவிகள் வீணாகின்றன.

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒன்று எல்விஎஸ் வேலையைச் செய்யும் என்கிறார்கள். ஜாக்கெட்டில் ரெக்கோ பட்டையும் இருக்கிறது. பிறகு எதற்குத் தனிக்கருவி?

கைப்பேசிக்கு 457 கிலோஹெர்ட்ஸ் கேட்காது. உங்களை அதனால் யாரும் தேட முடியாது, நீங்களும் யாரையும் தேட முடியாது. ரெக்கோ வெறும் எதிரொளிப்பான். அதைத் தேடும் பெரிய கருவி மீட்புப் படையிடம்தான் இருக்கும். இருந்தால் நல்லது, எல்விஎஸ்ஸுக்குப் பதில் ஆகாது.

கைப்பேசியால் கெடுதலும் உண்டு. அனுப்பும் நிலையில் எல்விஎஸ்ஸிலிருந்து 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளியே கைப்பேசி, கேமரா, ஸ்மார்ட் கடிகாரம், சூடேற்றும் கையுறை எல்லாம் இருக்க வேண்டும். காந்தப் பொத்தான் வைத்த ஜாக்கெட்டும் கணக்கில் சேரும். தேடும் கையில் கடிகாரம் கட்டியிருந்தால் திரையில் அம்பு அங்குமிங்கும் குதிக்கும். ஆளைத் தேடி ஓடியவர் வெறும் பனியில் நிற்பார்.

கேள்வி: செட் இருக்கிறது, பயிற்சியும் எடுத்தாயிற்று. இனிக் காற்றுப்பை வாங்கலாமா? பையை விரிக்க வாயுக் குப்பியா, மின்விசிறியா? (லுட்சேர்ன்)

இப்போது வாங்கலாம். நகரும் பனியில் பெரிய பொருள் மேலே வரும், சிறியது அடியில் போகும். 150 லீட்டர் அளவு காற்றை முதுகில் சேர்த்துக்கொண்டால் நீங்கள் ‘பெரிய பொருள்’ ஆகிறீர்கள். 2014-இல் வெளியான ஆய்வில், கடுமையாக மாட்டியவர்களில் பை விரியாதவர்களின் இறப்பு 22 சதவீதம், விரிந்தவர்களின் இறப்பு 11 சதவீதம். பாதியாகக் குறைகிறது, இல்லாமல் போவதில்லை. மரத்தில் மோதினால், பாறை விளிம்பில் விழுந்தால், குறுகிய ஓடைக்குள் பனி வந்து குவிந்தால் பை உதவாது.

அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆள் கைப்பிடியை இழுக்காததுதான். எங்கள் தேர்வு இதைப் பார்த்தே. வாயுக் குப்பி விலையும் எடையும் பொதுவாகக் குறைவு, ஆனால் ஒரு தடவை இழுத்தால் குப்பியை மாற்றவோ நிரப்பவோ செலவு. அதனால் யாரும் இழுத்துப் பழகுவதில்லை. மின்விசிறி வகையை வீட்டு ஹாலிலேயே பத்துத் தடவை இழுக்கலாம். மின்கலத்துக்குப் பதில் மின்தேக்கி வைத்தவை குளிரிலும் சோர்வதில்லை. காசு கட்டுப்படியானால் மின்விசிறியே எங்கள் பரிந்துரை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கால்களுக்கிடையே வரும் பட்டையைக் கட்டிப் பாருங்கள். அதைக் கட்டாமல் போகிறவர்கள் ஏராளம். பை விரிந்ததும் பட்டை இல்லாவிட்டால் முதுகுப்பை தலைவழியாகக் கழன்றுவிடும். விமானத்தில் கொண்டுபோக நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், ஆளுக்கு ஒன்று. நிரப்பிய குப்பியை அமெரிக்காவில் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

கேள்வி: சுவிஸ் இணையக் கடையில் வாங்கிய எல்விஎஸ் பிடிக்கவில்லை. 14 நாளுக்குள் திருப்ப உரிமை இருக்கிறதுதானே? (பாசல்)

அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். சுவிஸ் சட்டம் இணையக் கொள்முதலுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. கடை தானாகக் கொடுத்தால்தான் உண்டு. வாங்குமுன் அவர்களின் நிபந்தனையைப் படியுங்கள். பழுதுக்கான உத்தரவாதம் வேறு விஷயம்: புதுப்பொருளுக்கு இரண்டு வருடம். ஆனால் பழுதைக் கண்டதும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே பெட்டி வந்த அன்றே கருவியைச் சோதியுங்கள். நவம்பரில் வாங்கிப் பிப்ரவரியில் திறப்பது உங்கள் கையைக் கட்டிவிடும். தனியாள் விற்கும் பாவித்த பொருளில் உத்தரவாதத்தை முழுதாகவே விலக்கிவிடலாம். 80 பிராங் கருவிக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கிக் கையில் கொண்டுவந்தால், 2025 ஜனவரி முதல் ஆளுக்கு 150 பிராங் வரைதான் வரி விலக்கு. மிஞ்சினால் முழுத் தொகைக்கும் 8.1 சதவீதம் கட்ட வேண்டும். விலை வித்தியாசத்தோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் வாங்கியாயிற்று. பனிச்சரிவு அபாயம் 3 என்றால் போகலாமா? ஐந்தில் மூன்று, நடுத்தரம்தானே?

இந்த ஐந்தைப் பரீட்சைப் புள்ளி போலப் படிக்காதீர்கள். மூன்றாம் நிலைக்கு ஜெர்மனில் ‘எர்ஹெப்லிஷ்’ என்று பெயர். கணிசமான அபாயம் என்று பொருள். சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் பாதியளவு பேர் இறப்பது இந்த நாட்களில்தான். நான்கும் ஐந்தும் வந்தால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், புதுப் பனி மின்னும், ஒரு ஆளின் எடையே சரிவைக் கிளப்பப் போதும். மாட்டுபவர்களில் பெரும்பாலானோருக்குச் சரிவைக் கிளப்பியது அவர்களோ கூட வந்தவர்களோதான்.

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையமான எஸ்எல்எஃப் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று அதில் இருப்பதைப் படியுங்கள். பிறகு அரசின் வரைபட அலுவலகமான சுவிஸ்டோப்போவின் இலவச வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளின் நிற அடுக்கைப் போடுங்கள். மஞ்சளில் தொடங்கி, சரிவு செங்குத்தாக ஆக ஆகச் சிவந்துவரும். தொடங்குபவர்கள் மூன்றாம் நிலையில் அந்த நிறங்களுக்குள் போகவே வேண்டாம். அவற்றின் அடியிலும் நடக்க வேண்டாம், தூரத்தில் நடந்தாலும் பனிச்சரிவு கிளம்பும். நடக்கும்போது ‘வும்’ என்று பனி அமர்கிற சத்தம் கேட்டாலோ, ஸ்கீயிலிருந்து விரிசல் ஓடினாலோ அறிக்கை எண் எதுவாக இருந்தாலும் திரும்புங்கள்.

கேள்வி: வருடத்துக்கு ஒரே ஒரு டூர். வாடகைக்கு எடுத்தால் போதாதா?

தாராளமாகப் போதும். முந்தின நாளே எடுங்கள், காலையில் ஸ்டேஷனில் இல்லை. மின்கல அளவைப் பார்த்துக் குறைவாக இருந்தால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அனுப்புவதிலிருந்து தேடுவதற்கு மாற்றும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை மாற்றிப் பாருங்கள். பல ஸ்கீ இடங்களில் எல்விஎஸ் பயிற்சித் திடல் இலவசமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும். புறப்படும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவரின் கருவி அனுப்புகிறதா, தேடுகிறதா என்று சோதித்த பிறகே ஏறத் தொடங்குங்கள். கைப்பேசியில் ஹெலிகாப்டர் மீட்புச் சேவையான ரேகாவின் 1414 எண்ணைப் போட்டு வையுங்கள். வாலே மாகாணத்தில் 144. ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அதற்குக் காத்திருக்காமல் தேடத் தொடங்க வேண்டும்.