மனநலக் கவுன்சிலிங் முடிந்ததும் நான்கு கோடு போட்ட தாளை நீட்டுகிறார்களே, எதற்கு?

அது அமர்வு மதிப்பீட்டுத் தாள். உளவியலாளர்கள் ஸ்காட் மில்லர், பாரி டங்கன் குழுவினர் உருவாக்கியது. உங்களை எடைபோட அல்ல. ஆலோசகரை நீங்கள் எடைபோட.

கோடு ஒவ்வொன்றும் 10 செ.மீ. என்னைக் காதுகொடுத்துக் கேட்டு மதித்தாரா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, அவர் போகும் வழி எனக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி? வலது ஓரம் நெருங்க நெருங்க நிறைவு. ஒவ்வொரு கோட்டிலும் இடது ஓரத்திலிருந்து நீங்கள் போட்ட குறி வரை ஸ்கேலால் அளந்து கூட்டினால் 40க்கு மதிப்பெண். (ஜெராக்ஸில் கோடு சுருங்கினால் கணக்கு தப்பும்.)

36க்குக் கீழே இறங்கினால், நீங்கள் எழுந்து போவதற்குள்ளேயே அவர் அதைப் பேச வேண்டும். அதற்குத்தான் கடைசி ஐந்து நிமிடம். தாளை வாங்கி ஃபைலில் செருகிவிட்டால் பயனே இல்லை.

இதன் வேர், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் உள்ள உறவைப் பற்றி உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்னது: இலக்கில் உடன்பாடு, வழிமுறையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த உறவுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.28 (முழுத் தொடர்பு என்றால் 1). அதாவது, ஆளுக்கு ஆள் பலனில் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் இந்த உறவோடு சேர்ந்தது. சிறிதாகத் தெரியலாம், ஆனால் எந்தச் சிகிச்சை முறையானாலும் இது தொடர்ந்து தென்படுகிறது.

நம் ஊரில் சிக்கல் வேறு. 'டாக்டர் மனசு நோகக் கூடாது' என்று முதல் நாளே 40 போடுவோம். அந்த 40ஐ நல்ல ஆலோசகர் நம்ப மாட்டார். "இன்னிக்கு நான் எதை விட்டுட்டேன்?" என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள்: "அம்மாவைப் பத்திப் பேச வந்தேன், வேலையைப் பத்தியே பேசிட்டோம்."