பூட்டிய வளவுகள்

ஐயா,
அண்மையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குச் சென்றிருந்தேன். தெருத்தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வந்து இருக்க மனமில்லாதவர்கள் விற்றுவிடலாமே. அல்லது எல்லாவற்றையும் விடுதிகளாக மாற்றலாமே?
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மனமில்லாததால்தான் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் செட்டியார்கள் வசம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் வந்த நில நாட்டுடைமைச் சட்டமும் அந்த வருமானத்தை அறுத்தபோது, பர்மாத் தேக்கில் எழுந்த வீடுகளைப் பேணும் பணமும் நின்றது. பிழைப்புக்காக அடுத்த தலைமுறை நகரங்களுக்குப் போயிற்று. ஆனால் இன்றுவரை கதவு திறக்காததற்குக் காரணம் பங்கு.

வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளைப் பார்த்திருப்பீர்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே அறை ஒதுக்குவது வழக்கம். முகப்பும் பட்டாலை எனும் கூடமும் எல்லோருக்கும் பொது. மூன்று நான்கு தலைமுறைக்குப் பின் அறைக்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு ஊரிலோ நாட்டிலோ சாவியும் இருக்கின்றன. கூரையில் ஓர் ஓடு நழுவினால், செலவை யார் ஏற்பது என்று பங்காளிகள் பேசி முடிப்பதற்குள் மழைநீர் சுவரில் இறங்கி, முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணப்பூச்சு கொப்பளித்து, வெடிப்பில் அரசங்கன்று வேர்பிடித்துவிடுகிறது.

விற்பனையை நான் அஞ்சுகிறேன். பெரும்பாலும் அது வீட்டைப் பிரிப்பதில் முடிந்து, தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. சில வீடுகள் விடுதியாகி உயிர்பெற்றிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அத்தனை பயணிகள் வரமாட்டார்கள். திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் வந்து கூடும் குடும்பங்களுக்கு வீடு வேண்டியும் இருக்கிறது.

நான் வேண்டுவது, பாகம் பிரிக்காமலே செய்துகொள்ளும் ஒரு பயன்பாட்டு உடன்படிக்கை. முகப்பையும் பட்டாலையையும் மட்டும் பத்தாண்டுக் குத்தகைக்குப் பதிவு செய்து கொடுக்கலாம். வளவும் சாமி அறையும் குடும்பத்திடமே இருக்கட்டும். கண்டாங்கிச் சேலை நெசவுப் பயிற்சிக்கோ, மாலை வகுப்புக்கோ, ஊரிலேயே தங்கிவிட்ட முதியவர்களின் பகல்நேரப் பராமரிப்புக்கோ அந்த இடம் தாராளமாகப் போதும். வாடகையில் முதல் செலவு கூரைக்கு என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். வெளிநாட்டுப் பங்காளிகள் இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்; இதைக் கவனிக்க ஊரில் ஒருவரை முன்கூட்டியே நியமிப்பது நல்லது.

நீங்கள் சென்ற தெருவில் அறிமுகமான குடும்பம் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளை மாற்றுவது பற்றி மட்டுமாவது பங்காளிகளைப் பேசவையுங்கள்.