கிணற்றுக்கும் பச்சை வயலுக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி ஹவாயன்ஸ்’ (1970) பார்த்தேன். தோட்ட முதலாளி விப்பாக வரும் சார்ல்டன் ஹெஸ்டன் மனதில் ஒட்டவில்லை. தொழுநோய் கண்ட கணவனோடு அந்தச் சீனப் பெண் தானும் மொலோகாய் தீவுக்குப் போவது நம்பும்படி இல்லை. அப்படி நடந்ததுண்டா? ஆனால் வறண்ட நிலத்தில் விப் கிணறு போட்டுத் தண்ணீர் பீறிடும் இடம் சிலிர்க்க வைத்தது. அவனைப் போன்ற முதலாளிகள் இல்லாவிட்டால் ஹவாய் ஏது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹெஸ்டனை விடுங்கள். மொலோகாய் உண்மைதான். தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டம் 1865ல் வந்தது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். நோயில்லாமலே துணைக்குப் போனவர்களுக்கு ‘கொகுவா’ என்று பெயர். அன்புக்காக ஒருத்தி போனதை நம்ப மறுக்கிற நீங்கள், அந்தக் கிணற்றை மட்டும் அப்படியே நம்பிவிட்டீர்களே! எனக்குக் கோபம் அதில்தான்.

ஓவாஹு தீவின் எவா சமவெளியில், ஜேம்ஸ் கேம்ப்பெல் என்ற நில உரிமையாளரின் நிலத்தில் 1879ல் துளை போட்டார்கள். மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறையின் இடுக்குகள் வழியே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கரையோரத்தில் பவளமும் களிமண்ணும் படிந்து இறுகிய அடுக்கு அதைக் கடலுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. அந்த அடுக்கைத் துளைத்தால் அழுத்தத்தில் தண்ணீர் தானே மேலே வரும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். குழாய்களை மூடாமல் ஓடவிட்டதிலும் கணக்கில்லாமல் இறைத்ததிலும் நீர்மட்டம் இறங்கியது, பல கிணறுகள் கரித்தன. ஊற்றை மட்டும் காட்டினால் இது எப்படித் தெரியும்?

அதைவிடப் பெரிய குறை, ஊற்றுக்குப் பிறகு வயல் பச்சையாகிவிடுவது. ஹவாயில் கரும்பு விளைய 18 முதல் 24 மாதம் ஆகும். கரணை வெட்டிச் சாலில் பதிக்கவேண்டும், சால் சாலாகத் தண்ணீர் கட்டவேண்டும், களை கொத்தவேண்டும். பிறகு ‘ஹோலேஹோலே’, அதாவது காய்ந்த சோகையைக் கையால் உரிப்பது. சோகையின் ஓரம் அரம் போல அறுக்கும், சுணை தோலில் ஏறும். அதனால் ஜப்பானியப் பெண்கள் அந்த வெயிலிலும் கைகால் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டித் தோளில் தூக்கி, சரிவுப் பலகை ஏறி வண்டியில் போடுவது ‘ஹாபாய் கோ’. ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் சர்க்கரை சிதைந்து சாறு புளிக்கும். ‘லூனா’ எனப்பட்ட மேஸ்திரி ஆளை விரட்டியதற்கு அவன் குணம் மட்டுமா காரணம்? அந்தக் கெடுவும்தான். இதில் எதைப் பார்த்தீர்கள் படத்தில்?

அடிப்பது சாட்டை என்றே நினைக்கிறோம். அங்கே காகிதம் அடித்தது. 1850ல் வந்த எஜமானர்–வேலையாள் சட்டத்தின்படி, வேலைக்கு வராதவனை வராத நாட்களைப்போல இரண்டு மடங்குவரை கூடுதலாக வேலைவாங்கலாம். மறுத்தால், சம்மதிக்கும்வரை சிறையில் கடும் உழைப்பு. 1852ல் வந்த முதல் சீனத் தொழிலாளிகளுக்கு ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் 3 டாலர். பிற்காலத்தில் பெயருக்குப் பதிலாகக் கழுத்தில் ‘பாங்கோ’ என்ற எண் வில்லை. சம்பளமும் கடைக்கடனும் அந்த எண்ணில்தான். 1876ல் அமெரிக்காவுக்குத் தீர்வையில்லாமல் சர்க்கரை போக ஆரம்பித்தது. அந்த ஆண்டு சுமார் 2.6 கோடி பவுண்டு எடையாக இருந்த ஏற்றுமதி, 1890ல் 25 கோடியைத் தாண்டியது. இவ்வளவையும் உரித்து, வெட்டி, சுமந்த தோள்கள் இருக்கும்போது நீங்கள் விப்புக்குக் கைதட்டுகிறீர்கள்.

ஹவாயின் அரசி லிலியுவோகலானியை 1893 ஜனவரியில் அரியணையிலிருந்து இறக்கியதில் தோட்ட முதலாளிகளின் கை இருந்தது. அதைப் படம் ஓரளவு சொல்கிறது, போதும்.

படத்தின் கடைசிப் பகுதியில் 1900 ஜனவரியின் ஹொனலுலு சைனாடவுன் தீ வருகிறது. அதற்குள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டிருந்த ஹவாயில் அதே ஆண்டு ஜூன் 14ல் அமெரிக்கச் சட்டம் அமலுக்கு வந்து, கூலி ஒப்பந்தங்கள் செல்லாமல் போயின. வேலையை விட்டால் சிறை என்ற பயம் போனதும், அந்த ஓராண்டிலேயே தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. அதை ஒரு படம் எடுக்கட்டும், எஸ். முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.