டாக்டரைச் சுமந்து வரும் ஹெலிகாப்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும், படிக்கும் குடும்பங்கள் மதுரைப் பக்கம் இப்போது நிறைய. அங்கே விபத்து நடந்த இடத்திலேயே ஹெலிகாப்டர் வந்து இறங்குவதைக் கேள்விப்பட்டவர்கள் எழுதிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ஜெர்மனியில் என் மகன் நேரில் பார்த்தானாம்: நெடுஞ்சாலை விபத்தில் மஞ்சள் ஹெலிகாப்டர் ஒன்று சாலையிலேயே இறங்கியது. அது அரசாங்கத்துடையதா, தனியாருடையதா? செலவை யார் கொடுக்கிறார்கள்?
— தல்லாகுளம் வாசகி

மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஏ.டி.ஏ.சி. என்னும் கார் உரிமையாளர் சங்கத்தின் ஹெலிகாப்டராக இருக்கும். 1970 நவம்பர் 1 அன்று மியூனிக் நகரின் ஹார்லாஹிங் மருத்துவமனையிலிருந்து 'கிறிஸ்டோஃப் 1' பறக்கத் தொடங்கியது. பயணிகளைக் காக்கும் புனிதர் கிறிஸ்டோபரின் பெயர் அது. இன்றும் அந்த நாட்டு மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு வயர்லெஸ்ஸில் அந்தப் பெயர்தான். கூடவே ஓர் எண் வரும். சிவப்பு வெள்ளை நிறத்தில் பறப்பது டி.ஆர்.எஃப். என்ற இன்னோர் அமைப்பு. ஆரஞ்சு நிறம் உள்துறை அமைச்சகத்துடையது; அதை ஓட்டுவது மத்திய போலீஸ் விமானிகள்.

நடத்துகிறவர் மூன்று விதம் என்றாலும் அடிபட்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 112 என்ற அவசர எண்ணுக்கு போன் போகிறது. அந்தப் பகுதியின் கட்டுப்பாட்டு அறை, எது பக்கத்தில் இருக்கிறதோ அதை அனுப்புகிறது. விதிகளை மாநில அரசு வகுக்கிறது. பணத்தை மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் கொடுக்கின்றன. ஒவ்வொரு தளமும் 50 முதல் 70 கிலோமீட்டர் தூரத்துக்குப் பொறுப்பு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் பறக்கும் ஊர்தி என்பதால், அந்தத் தூரத்தின் கடைசி ஊருக்கும் 15 நிமிடம், கொஞ்சம் கூடினால் 18.

மற்ற நாடுகளில் ஏற்பாடு வேறு. நார்வேயில் அது முழுக்க அரசுப் பொறுப்பு. நான்கு மண்டல சுகாதார அமைப்புகள் சேர்ந்து ஒரு பொது நிறுவனம் வைத்திருக்கின்றன. ஹெலிகாப்டர் ஓட்டும் வேலை மட்டும் ஒப்பந்தத்தில் போகிறது. போலந்தில் சுகாதார அமைச்சகத்தின் கீழ் ஒரே தேசிய அமைப்பு. பிரான்ஸில் மருத்துவமனைகள் வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டர்கள் ஒரு பக்கம், உள்துறையின் சிவப்பு மஞ்சள் 'டிராகன்' ஹெலிகாப்டர்கள் இன்னொரு பக்கம். சுவிட்சர்லாந்தில் 1952-ல் தொடங்கிய ரேகா என்ற வான் மீட்பு அமைப்பு, அரசு மானியத்தை நம்பாமல் லட்சக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் கட்டும் சந்தாவில் நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது அறக்கட்டளை வேலை: பழைய துணி விற்கும் கடை, வாராந்திர லாட்டரி, ஊர் மக்கள் ஓடிச் சேர்க்கும் நிதி. அந்த மக்களின் மனசு பெரியது, மறுக்கவில்லை. ஆனாலும் ஓர் உயிர் பிழைப்பது அந்த வருஷத்து வசூலைப் பொறுத்திருக்கக் கூடாது. மற்ற அவசர மருத்துவத்தைப் போல இதுவும் அரசின் நிரந்தரச் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

போன் செய்கிறவர் 'ஹெலிகாப்டர் அனுப்புங்கள்' என்று கேட்கலாமா? முடிவு யார் கையில்?
— செவிலியர், கோரிப்பாளையம்

கேட்கலாம். முடிவு கட்டுப்பாட்டு அறையுடையது. பிரான்ஸில் 15-ஐ அழைத்தால், முதலில் எடுப்பவர் விவரம் குறித்துக்கொண்டு போனை அங்கேயே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் கொடுக்கிறார். எந்த வண்டி போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். லண்டனில் ஹெலிகாப்டர் குழுவைச் சேர்ந்த பாராமெடிக் (டாக்டர் அல்லாத, அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்) ஒருவரே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வந்து விழும் அழைப்புகளைச் சலித்து எடுக்கிறார். உயரத்திலிருந்து விழுந்தது, ரயிலில் அடிபட்டது, வண்டிக்குள் சிக்கியது, நெஞ்சில் கத்திக்குத்து என்று காதில் விழுந்தால் உடனே அனுப்பிவிடுவார்.

இதில் பிழை இரண்டு பக்கமும் வரும். தேவையில்லாத இடத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்புவது ஒன்று. முதலில் தரை ஆம்புலன்ஸ் போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று. முதலாவதில் எரிபொருள் போகும். இரண்டாவதில் 20 நிமிடம் போகும். மூளைக்கு ரத்தம் போகாமல் கிடப்பவருக்கு அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதனால் சந்தேகம் இருந்தால் கிளம்பிவிடு, வேண்டாமென்றால் நடுவழியில் திருப்பிக்கொள்ளலாம் என்பது அங்கே பழகிப்போன நடைமுறை. பகலில் மணி அடித்து இரண்டு நிமிடத்தில் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்புவதை ஜெர்மன் தளங்கள் இலக்காக வைத்திருக்கின்றன.

பறந்துகொண்டே ஆபரேஷன் செய்வார்களா?
— கல்லூரி மாணவர், மேலூர்

இல்லை. பறக்கும்போது எதுவும் செய்ய வேண்டி வராதபடி எல்லாவற்றையும் தரையிலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் பாலபாடம். பரவலாகப் பயன்படும் எச்135 ரகத்துக்குள் எட்டிப் பாருங்கள். நோயாளியின் தலைமாட்டில் டாக்டர் உட்கார்ந்தால் அவர் முழங்கால் ஸ்ட்ரெச்சரில் இடிக்கும். நோயாளியின் இடுப்புக்குக் கீழே கை எட்டுவதே பாடு. நெஞ்சை அழுத்த எழுந்து நிற்கவும் முடியாது. காதில் ஹெட்செட் இருப்பதால் ஸ்டெதஸ்கோப்பால் பயனில்லை. மானிட்டரில் ஓடும் கோட்டையும் எண்ணையும் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே வேலை எல்லாம் சாலையோரத்தில். ஸ்ட்ரெச்சரை நான்கு பக்கமும் ஆள் நிற்கும்படி வெட்டவெளியில் வைக்கிறார்கள். ஆக்சிஜன் கொடுத்து, மயக்க மருந்து போட்டு, தொண்டையில் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் இணைக்கிறார்கள். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதை வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவின் அளவு காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடு திரையில் எழும்பாவிட்டால் குழாய் உணவுக்குழாயில் போயிருக்கலாம், உடனே எடுத்துவிட வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தால் விலாவில் துளை போட்டு வெளியேற்ற வேண்டும். அதைத் தரையில் விட்டுவிட்டு மேலே போனால், உயரத்தில் அந்தக் காற்று இன்னும் விரிந்து நெஞ்சை நெருக்கும். லண்டன் குழு 2012 முதல் ரத்தத்தையும் கூடவே எடுத்துப் போகிறது. மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்புகளை, நோயாளியை ஏற்றும் முன்பே ஓடவிட்டு, குழாய்களை டேப் ஒட்டி இறுக்கிவிடுவார்கள். ஏற்றும்போது ஒரு குழாய் கதவில் மாட்டி இழுபடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதனால்தான் 'ஏற்று' என்று சொல்லும் முன் ஒருவர் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

பெரும்பாலும் மூன்று பேர் குழு: விமானி, அவசர சிகிச்சை அல்லது மயக்கவியல் டாக்டர், பாராமெடிக். பாராமெடிக் பறக்கும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து வரைபடம், வயர்லெஸ், மின்கம்பிகளைக் கவனிப்பார். இறங்கியதும் டாக்டரின் வலது கை. நெதர்லாந்தின் நான்கு 'லைஃப்லைனர்' ஹெலிகாப்டர்கள் டாக்டரைக் கொண்டுபோய் இறக்குவதற்கே முக்கியமாக இருக்கின்றன. நோயாளி பெரும்பாலும் தரை ஆம்புலன்ஸில்தான் போவார், டாக்டர் கூடவே ஏறிக்கொள்வார். ஊர் நெருக்கம், சாலை நல்ல சாலை, எனவே அது போதும்.

கொடைக்கானலுக்கு இப்படி ஒன்று மதுரையிலிருந்து வர முடியாதா? வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதானே வருகிறது.
— ஆசிரியர், பெருமாள்மலை

தூரத்தைப் பார்த்தால் முடியும். மதுரையிலிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள்தான். 20 நிமிடப் பறத்தல். சாலை வழியே மூன்று மணி நேரம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். இறக்கைகள் பிடித்துத் தூக்கக் காற்று போதாமல், ஏற்றக்கூடிய எடை இறங்கிவிடும். சமவெளியில் தாராளமாக வந்த ஹெலிகாப்டர், மலையில் நோயாளியை ஏற்ற எரிபொருளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். பிற்பகல் மூடுபனி வந்துவிட்டால் வரவே முடியாது. ஆல்ப்ஸ் மலை நாடுகளிலும் இதே சங்கடம்தான். மேகம் மூடினால் ரேகாவும் வராது, மீட்புக்குழு நடந்துதான் போகும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அவர்கள் செய்த உதவி பெரிது. ஆனால் தேடவும் தூக்கவும் ஆன ராணுவ ஊர்தி வேறு, தினமும் டாக்டரோடு தயாராக நிற்கும் ஊர்தி வேறு. நம் நாட்டில் இரண்டாவது வகையில் 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸில் 'சஞ்சீவனி' தொடங்கியது. 2025 மே மாதம் கேதார்நாத் அருகே இறங்கும்போது அந்த ஹெலிகாப்டர் சேதமடைந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். மலையில் இறங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சாட்சி.

மதுரைக்கு வேண்டுமென்றால் ஹெலிகாப்டர் வாங்குவது கடைசி வேலை. 108 கட்டுப்பாட்டு அறையில் இதற்கென ஓர் ஆள், பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்கு நடந்து போகிற தூரத்தில் இறங்குதளம், சுழற்சியில் 24 மணி நேரமும் டாக்டர்கள், மலைக் கிராமங்களில் முன்பே அளந்து குறித்த இறங்குமிடங்கள். இந்த நான்கும் இல்லாமல் ஊர்தி மட்டும் வந்தால், முக்கியஸ்தர்களை ஏற்றிச் செல்லத்தான் அது பயன்படும்.

எங்கள் ஊர்ப் பொட்டலில் ஒரு ஹெலிகாப்டர் இறங்க எவ்வளவு இடம் வேண்டும்?
— இளைஞர் மன்றம், உசிலம்பட்டி

பகலில், ஊர்தியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு பக்கம் உள்ள சதுரம் என்பது ஐரோப்பியக் கணக்கு. எச்135 ரகம் இறக்கை சுழலும்போது 12 மீட்டர் சொச்சம்; எனவே 25-க்கு 25 மீட்டர். ஐந்து கபடிக் களத்தை ஒட்டிப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இதைவிட நீளம் வேண்டும், வெளிச்சமும் வேண்டும்.

இடத்தைவிட அபாயமானது அதில் கிடக்கிற சாமான். கீற்று, சாக்கு, தார்ப்பாய், பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பறந்து மேலே போய் இறக்கையில் சிக்கும். தோளில் கிடக்கும் துண்டும் அப்படித்தான். ஓரத்தில் மின்கம்பி போனால், வருகிறவர்களுக்கு அதை முதலில் சொல்லுங்கள். வெயிலில் மெல்லிய கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. இறக்கை நிற்கும்வரை, அல்லது விமானி கை காட்டும்வரை யாரும் போகக் கூடாது. போனால் முன்பக்கமாக, அவர் கண்ணில் படும்படி. வால் பக்கம் ஒருபோதும் வேண்டாம். சரிவான இடத்தில் மேட்டிலிருந்து இறங்கிப் போகாதீர்கள். அந்தப் பக்கம் இறக்கை தலைக்கு மிக நெருக்கத்தில் சுழலும். டார்ச்சை விமானியின் முகத்தில் அடிக்காதீர்கள்.

சுவிட்சர்லாந்துக்கு மலையேறப் போகும் தம்பி மகனுக்கு என்ன சொல்லி அனுப்புவது?
— வாசகர், திருமங்கலம்

எண்: 1414 ரேகா. செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் 144. இரண்டும் நினைவில் இல்லாவிட்டால் 112. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்துவிட்டால், உதவி வேண்டும் என்பதற்கு இரண்டு கைகளையும் 'ஒய்' எழுத்தைப் போல விரித்து உயர்த்த வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மகிழ்ச்சியில் இரண்டு கையையும் ஆட்டி வைத்தால் இறங்கிவிடுவார்கள்.

பணம்தான் பலர் கோட்டை விடும் இடம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதில் மலை மீட்பும் தேடுதலும் சேர்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். பாலிசியில் 'மலையேற்றம்', 'தேடுதல், மீட்பு' என்ற வரிகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் கட்டாயக் காப்பீடே மீட்புச் செலவில் பாதியைத்தான், ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரைதான் கொடுக்கிறது. ரேகா சந்தா கட்டியவர்களுக்குக் காப்பீடு கொடுக்காத செலவை அந்த அமைப்பு தள்ளுபடி செய்யலாம். அதை உரிமையாகக் கேட்க முடியாது, ஏனென்றால் அது காப்பீடு அல்ல.

அடிபட்டவரோடு உறவினரும் ஏறலாமா?
— வாசகி, சோழவந்தான்

வழக்கமாக முடியாது. இடமும் எடையும் இடம் தராது. சிறு குழந்தை என்றால் தாயையோ தகப்பனையோ சில சமயம் ஏற்றுவார்கள், அது விமானி சொல்வதைப் பொறுத்தது. எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்று கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவமனையாக இருக்காது. தலைக்காயம் என்றால் மூளை அறுவை சிகிச்சை உள்ள இடத்துக்கு, தீக்காயம் என்றால் அதற்கான பிரிவுக்கு நேராகப் போய்விடும். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உங்கள் போன் எண்ணோடு பாராமெடிக் கையில் கொடுத்துவிடுங்கள். அதை ஸ்ட்ரெச்சரில் ஒட்டிக்கொள்வார்கள்.